வறட்சியில் தண்ணீரைப் பங்கிட்டால் அது உரிமை மீறலா?
2014 வறட்சியில் கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் நடந்ததுபோல மறுபடியும் தண்ணீர்ப் பங்கீடு வந்தால் அது மனித உரிமை மீறலா என்று கேட்டிருக்கிறீர்கள். பங்கீடு மட்டும் என்றால் இல்லை. அணை வற்றினால் யார்தான் என்ன செய்ய முடியும்? யாருக்கு முதலில் நிறுத்துகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

2010-இல் ஐ.நா. பொதுச்சபை பாதுகாப்பான குடிநீரை மனித உரிமையாக அங்கீகரித்தது. ஆனால் அந்தத் தீர்மானம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. சேர்ந்த நாடுகளைக் கட்டுப்படுத்தும் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையிலோ மலேசியா சேரவே இல்லை. சரி, கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1995-இல் மலேசியா ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு சுத்தமான குடிநீரைப் பற்றிப் பேசுகிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. (உள்நாட்டுச் சட்டமாகாத உடன்படிக்கையை வைத்து நம் நீதிமன்றத்தில் வெல்வது கடினம், அது வேறு கதை.)

நடைமுறையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்பது ஐ.நா. எடுத்துக்காட்டும் அளவு. கார் கழுவும் கடையில் தண்ணீர் ஓட, மலிவு விலை அடுக்குமாடியில் ஒரு பாட்டி பத்தாவது மாடிக்கு வாளி தூக்கினால், அதை நான் உரிமை மீறல் என்றுதான் சொல்வேன். டயாலிசிஸ் மையங்களுக்கு முதலிடம், தண்ணீர் லோரி வரும் நேரம் முன்கூட்டியே, நடக்க முடியாதவர்களுக்கு வீட்டு வாசலிலேயே தண்ணீர்: இவற்றைத் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள்.