சம்ப்பில் வெள்ளம் புகுந்தால் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் போதுமா?

கேள்வி: முடிச்சூர் பக்கம் தனி வீடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. நீர் வடிந்ததும் மோட்டார் வைத்து இறைத்தோம். பிளம்பர் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார். குடிப்பதற்கு ஆர்ஓ தண்ணீர்தான். இருந்தும் ஒரே வாரத்தில் பிள்ளைகள் இருவருக்கும் வயிற்றுப்போக்கு. எங்கே தவறினோம்? அடுத்த மழைக்கு முன் என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: நோய் எதன் வழியாக வந்தது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு இரண்டு இடங்கள் உறுத்தின. ஒன்று அந்த ஒரு கைப்பிடி. மற்றொன்று ஆர்ஓ மீது நீங்கள் வைத்த நம்பிக்கை.

வெள்ளம் வடிந்த சம்ப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சுவரெங்கும் பழுப்புப் படலமும், அடியில் விரல் கனத்துக்கு வழவழப்பான சேறும் தெரியும். மோட்டார் நீரை உறிஞ்சும் குழாயின் அடிநுனியிலுள்ள ஃபுட் வால்வு தொட்டித் தரையிலிருந்து சற்று உயர்ந்து இருப்பதால், எத்தனை முறை இறைத்தாலும் அந்தச் சேறு கிடந்த இடத்திலேயே கிடக்கும். தெருச் சாக்கடையும் செப்டிக் டேங்க் கழிவும் கலந்த சேறு அது. குளோரின் எதிர்ப்படும் அழுக்கோடெல்லாம் வினைபுரிந்து தீர்ந்துபோகும். நீங்கள் தூவிய கைப்பிடியைச் சேறே தின்றிருக்கும். கிருமிக்கு மிச்சம் இருந்திருக்காது.

அதனால் முதலில் சேற்றை அள்ள வேண்டும். ஆனால் அவசரப்படாதீர்கள். தெருவில் தண்ணீர் நிற்கும்போது சம்ப்பைக் காலி செய்வது ஆபத்து. சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கையில், காலித் தொட்டியை நிலத்தடி நீர் படகைப்போல மேலே தூக்கப் பார்க்கும். தளம் விரிசல் விட்டால் அந்த வழியாகப் பிறகு எந்நாளும் அழுக்கு நீர் கசியும். உறைகிணற்றையும் அப்போது ஒட்ட இறைத்தால் உறை சரியலாம். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் கிணறுகளை மேலும் மேலும் இறைத்தபோது, அடியிலிருந்த உப்புநீர் மேலேறிச் சில இடங்களில் நிலைமை இன்னும் மோசமானது. நல்ல நோக்கத்தோடு செய்த வேலைதான் அதுவும்.

வெள்ளம் வடிந்து நிலத்தடி நீரும் இறங்கிய பிறகு, எலக்ட்ரீஷியன் மோட்டாரைச் சோதித்துச் சரியென்று சொன்னபின் இறைக்கலாம். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள். யாரும் தனியாக உள்ளே இறங்க வேண்டாம். அடைபட்ட தொட்டியில் மூச்சுக் காற்று குறைந்திருக்கலாம். முடிந்தவரை மேலிருந்தே நீளமான பிரஷ்ஷால் தேய்த்து, சேற்றை அள்ளிவிடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ கழிவறை கழுவும் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள்; நச்சு வாயு கிளம்பும்.

கழுவிய தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று கணக்கிடுங்கள். 6,000 லிட்டர் சம்ப்புக்கு 900 கிராம். இது 33 சதவீதம் குளோரின் உள்ள புதிய தூளுக்கான கணக்கு. நாள்பட்டு, கட்டிதட்டி, நெடி போன தூளால் பயனில்லை. வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். பிறகு, கழுவிய மேல்தொட்டிக்கும் அந்த நீரை ஏற்றி, குளோரின் நெடி வரும்வரை ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். பலர் குழாய்களை மறந்துவிடுகிறார்கள். அழுக்கு நீர் போன வழியெல்லாம் குளோரினும் போயாக வேண்டும்.

அடுத்த சில வாரங்களுக்குத் தெளிந்த நீரில் 1,000 லிட்டருக்கு 5 கிராம் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். குடிநீரைத் தளதளவெனக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவைத்து, நான்காக மடித்த பழைய பருத்திச் சேலையில் வடிகட்டுங்கள். வங்காளதேசக் கிராமங்களில் மடித்த சேலையில் வடிகட்டியே காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாக 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் டீசல், எண்ணெய் வாடை அடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் பயனில்லை, குளோரின் போட்டும் பயனில்லை. அதைக் கொட்டிவிடுங்கள்.

இனி ஆர்ஓ. குடிநீர் அதில் வருகிறது, சரி. பல் துலக்கியது, தட்டு கழுவியது, தக்காளி அலசியது எல்லாம் எந்தத் தண்ணீரில்? மேலும், ஆர்ஓ இயந்திரத்திலுள்ள கார்பன் ஃபில்டர் குளோரினை உறிஞ்சிவிடும். ஆகவே அதன் சேமிப்புத் தொட்டிக்குள் ஒரு கிருமி நுழைந்தால் தடுக்க எதுவுமில்லை. தொட்டிகளைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை இயந்திரத்தை நிறுத்தி வையுங்கள். அளவு மீறிய குளோரின் அதன் சவ்வையும் கெடுக்கும். பிறகு ஃபில்டர்களை மாற்றி, உள்தொட்டியைக் கழுவச் சொல்லுங்கள்.

மழைக்கு முன் செய்ய வேண்டியதில் முக்கியமானது, புயல் அறிவிப்பு வந்ததுமே இரண்டு தொட்டிகளையும் நிரப்பிவிடுவது. நிறைந்த சம்ப் மிதக்காது. தெருக் குழாய் வால்வையும் மூடிவிடுங்கள். சம்ப் மூழ்கிவிட்டால் மோட்டாரைத் தொடவே கூடாது. ஒருமுறை போட்டாலும் சாக்கடை மேல்தொட்டிக்கு ஏறிவிடும். அந்த நேரத்தில் மேல்தொட்டியில் இருப்பதுதான் வீட்டிலுள்ள ஒரே நல்ல தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், நான்கு பேருக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர். மூன்று 20 லிட்டர் கேன்கள் போதும். கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால் ஒன்று கூடுதல்.

சம்ப்பின் வாய் கார் நிறுத்துமிடத்தில் தரையோடு தரையாக இருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. கொத்தனாரை அழைத்து விளிம்பை உயர்த்திக் கட்டுங்கள். 2023இல் நீர் நின்ற கறை உங்கள் சுவரில் இன்னும் தெரிந்தால், அதற்கு ஓர் அடி மேலே. அவ்வளவு உயரம் கட்ட வழியில்லையென்றால், ரப்பர் வளையம் வைத்துத் திருகி இறுக்கும் மூடியைப் போட்டு, காற்றுக் குழாயை மட்டுமாவது கறைக்கு மேலே நீட்டிவிடுங்கள்.