உருக்கியதும் பாசி செல்கள் எங்கே போகின்றன?

பாசிக்காக எடுத்த கடல்பனியை அப்படியே உருக்காதீர்கள், வடிகட்டிய கடல்நீரில் போட்டு உருக்குங்கள். ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில் துளையிட்டு எடுத்த கடல்பனி உருளையின் அடி பாசியால் நல்ல பழுப்பாக இருந்தும், உருக்கிய பிறகு நுண்ணோக்கியில் வெறும் டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள ஒருசெல் பாசி) ஓடுகள்தான் தெரிகின்றன என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் செல்கள் வெடித்திருக்கும்.

பாசி வாழ்வது பனிப்படிகத்துக்குள் அல்ல, படிகங்களுக்கு இடையே தேங்கும் உவர்நீரில். மைனஸ் 10 டிகிரியில் அந்த நீரின் உப்பு, கடல்நீரைப் போல் நான்கு மடங்கு. கடலைத் தொடும் அடிப்பகுதியில் ஏறக்குறைய கடல்நீர் அளவுதான். ஆனால் முதலாண்டுப் பனி (ஒரு கோடையைக்கூடக் கடக்காத பனி) முழுதாக உருகினால், லிட்டருக்கு ஐந்தாறு கிராம் உப்புதான் மிஞ்சும். செல்லுக்குள் உப்பு அதிகம், வெளியே குறைவு என்பதால் தண்ணீர் செல்லுக்குள் பாய்கிறது. மெல்லிய உறை கொண்ட கசையிழை உயிரிகள் (சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒருசெல் உயிரிகள்) முதலில் போய்விடும். டயாட்டத்துக்குச் சிலிக்கா ஓடு இருப்பதால் கூடாவது மிஞ்சுகிறது.

சோதித்துப் பாருங்கள்:

1. அடியிலுள்ள சில சென்டிமீட்டரை மட்டும் வெட்டி, நெடுக்காக இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள்.
2. ஒரு பாதியை நேராக உருக்குங்கள். மறுபாதிக்கு மூன்று மடங்கு கடல்நீர், 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்தது. இரண்டும் இருட்டில், 4 டிகிரியில்.
3. கடல்நீர் சேர்த்த பாதியில் செல்களை எண்ணும்போது நீர்த்த அளவைப் பெருக்கிச் சரிசெய்யுங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

ஒன்று கவனம்: நைட்ரேட், சிலிக்கேட் அளக்க இந்த முறை ஆகாது, சேர்த்த கடல்நீரிலும் அவை இருக்கும். அதற்கு இன்னோர் உருளையை நேராக உருக்குங்கள். அப்புறம், அடிப்பகுதி சொதசொதவென்று இருக்கும். உருளையைத் தூக்கும்போதே கொஞ்சம் உதிர்ந்துவிடும்.