ஏழாம் வகுப்பில் முதல் வாரம்: சத்தம் எங்கே தொடங்குகிறது?

கேள்வி: பயிற்சி ஆசிரியையாக ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு வாரம்தான் ஆகிறது. கரும்பலகையில் எழுதத் திரும்பினாலே சத்தம் கிளம்பிவிடுகிறது. அதட்டினால் ஒரு நிமிடம் அடங்குகிறார்கள், அப்புறம் பழையபடிதான். கேள்வி கேட்டால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. இந்த வேலை எனக்கு ஒத்துவராதோ?

பதில்: ஒரு வாரத்தை வைத்து அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 'திரும்பினாலே' என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றும் இல்லாத நேரம் அது. சத்தம் அங்கேதான் பிறக்கிறது.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவுசெய்து ஆராய்ந்தார். 1970-இல் அது நூலாக வந்தது. ஒழுங்காக நடக்கும் வகுப்புக்கும் அடங்காத வகுப்புக்கும் ஆசிரியர் கண்டிக்கும் விதத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டார். குறும்பு தொடங்குமுன் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. அதனால் எப்படி அதட்டுவது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, இடைவெளிகளை அடைக்கப் பாருங்கள்.

நாளை நீராவிப்போக்கு பாடம் என்று வைத்துக்கொள்வோம். இலைத்துளையின் படத்தை வகுப்பு தொடங்குமுன்பே வரைந்துவிட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், திரும்புமுன் ஒரு வேலை கொடுங்கள்: "நான் வரைந்து முடிப்பதற்குள், வேர் உறிஞ்சிய தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்." முழு முதுகையும் காட்டாமல் பக்கவாட்டில் நின்று எழுதிப் பழகுங்கள். இரண்டு சொல், ஒரு பார்வை. மறுபடி இரண்டு சொல். தாள் கொடுக்கும்போதும் இதேதான். நாற்பது பேருக்கும் நீங்களே நடந்து நடந்து கொடுத்தால் முதல் வரிசை சும்மா உட்கார்ந்திருக்கும். வரிசைக்கு ஒரு கட்டு கொடுத்துப் பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்படியும் ஒருவன் பேசினால், முன்னால் நின்று பெயர் சொல்லி அதட்ட வேண்டாம். பதினொன்று முதல் பதினான்கு வயதில், நண்பர்கள் முன்னால் தலைகுனிவதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவாவது எதிர்த்துப் பேசுவான். பாடத்தை நிறுத்தாமல் அவன் பக்கத்தில் போய், நோட்டில் அந்த வரியின் மேல் விரலை வையுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

சரி, வாய் திறக்காததற்கு வருவோம். தவறாகச் சொன்னால் சிரிப்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம். நாம் அவசரப்படுவது இன்னொரு பக்கம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் காட்டினார். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன, கூடுதலான பிள்ளைகள் பேசினார்கள். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கவிட்டால், கூச்சக்காரப் பிள்ளையும் கை தூக்கும்.

கடைசி வரிசையில் அமரும் உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் ஓர் உதவி கேளுங்கள்: சத்தம் ஏறும் நேரங்களை மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்த நிமிடங்களைப் பாடக்குறிப்போடு ஒப்பிட்டு, அடுத்த வகுப்பில் அந்த இடங்களை மட்டும் மாற்றிப் பாருங்கள்.