ரெட் விழுந்தால் போதுமா? ஃபாலோ எங்கே?

கேள்வி: சென்ற இதழில் 'ஹீரோஸ் ரீபார்ன்' தொடரைப் பற்றி நீங்கள் எழுதிய நான்கு வரிகள் எனக்கு வருத்தம் தந்தன. பழைய 'ஹீரோஸ்' கதையின் தொடர்ச்சியாக, ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்த ஓர் அமெரிக்க விஞ்ஞானக் கதைத் தொடரை, 'கிளேர் எங்கே, சைலர் எங்கே' என்று கேட்டுக் கேட்டே பழைய ரசிகர்கள் ஒழித்துவிட்டார்கள். நானும் என் நண்பர்களும் பழையதையும் புதியதையும் இப்போதுதான் அடுத்தடுத்துப் பார்த்தோம். எங்களுக்குப் புதியதும் பிடித்திருந்தது. பழமை ஏக்கத்தில் பேசுகிறவர்களின் கருத்தை நீங்களும் ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? நம் ஊர்ப் பேராசிரியர் ஒருவர் அமெரிக்கத் தொடரில் வருகிறாரே, அதற்காகவாவது பாராட்டக் கூடாதா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்களுக்குப் பிடித்திருந்தது என்பதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. பிடித்ததைப் பிடிக்கவில்லை என்று ஒருவரைச் சொல்ல வைக்க எந்த ஆசிரியராலும் முடியாது, முயல்வதும் முறையல்ல. ஆனால், உங்கள் கடிதத்தில் உள்ள 'பழமை ஏக்கம்' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். அபூர்வ ஆற்றல் கொண்ட சாதாரண மனிதர்களின் கதையான 'ஹீரோஸ்' தொடரில், 2006 செப்டம்பரில் தொடங்கி 2010 பிப்ரவரியில் முடிந்த நான்கு சீசன்களையும், நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் விடாமல் பார்த்தவர்கள், அந்தக் கதை 2015-இல் மீண்டும் வாசலில் வந்து நின்றபோது பழைய பாக்கியைக் கேட்டார்கள். கடன் கொடுத்தவர் திருப்பிக் கேட்பதை யாரும் ஏக்கம் என்று சொல்வதில்லை.

நானும் அப்படிக் கேட்டவர்களில் ஒருவன் என்பதால் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2008 வாக்கில் தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த கேரம் கிளப்பில்தான் 'ஹீரோஸ்' தொடரை நான் பார்த்தேன். வாடகைக்கு எடுத்து வந்த, கீறல் விழுந்த டிவிடி. மூலையில் ஒரு பழைய டிவி. ஆட்டத்தை முடித்துவிட்டு விரல் நுனியில் பவுடர் வெள்ளையாகப் படிந்திருக்க ஸ்டூலிலும் தரையிலும் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பதினைந்து பேர். பாதிப் பேருக்கு அமெரிக்க ஆங்கிலம் பிடிபடாது என்பதால், முன்னால் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஒவ்வொரு வசனத்தையும் உரக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். முதல் சீசனின் 17-ஆவது எபிசோட் நடந்துகொண்டிருந்தது. ஆற்றல் கொண்டவர்களைப் பிடிக்கும் ரகசிய நிறுவனத்தில் வேலை செய்யும் நோவா பென்னட்டின் குடும்பத்தை வீட்டுக்குள் பிணையாகப் பிடித்து வைத்திருக்கும் டெட் என்பவரின் உடலிலிருந்து கதிரியக்கம் வெடிக்கத் தொடங்க, எந்தக் காயமும் ஆறிவிடும் உடல் கொண்ட வளர்ப்பு மகள் கிளேர் மயக்க ஊசியோடு அந்த அனலுக்குள் நுழைகிறாள். அந்த நொடியில் மின்சாரம் போனது. அந்த ஆண்டு மின்வெட்டு எங்களுக்கு அன்றாட விஷயம். ஆனாலும் ஒருவர்கூட எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. போர்டின் ஓரத்தில் யாரோ ஒரு மெழுகுவத்தியை ஒட்டி வைத்தார்கள். அந்த வெளிச்சத்தில், நோவா நல்லவரா கெட்டவரா என்ற வாக்குவாதம் முக்கால் மணி நேரம் நடந்தது. (அவரை நாங்கள் 'கண்ணாடிக்காரர்' என்றுதான் சொல்வோம், பெயர் தெரிவதற்கு முன் அமெரிக்க ரசிகர்களும் அவருடைய மூக்குக் கண்ணாடியை வைத்துத்தான் அவரைக் குறிப்பிட்டார்கள்.) காசிமேட்டில் வலை பின்னும் பெரியவர் ஒருவர், "பொண்ணுகிட்ட பொய் சொன்னான், சரி, ஆனா பொண்ணுக்காகத்தானே சொன்னான்" என்றார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. எங்கள் சந்துக்குள் அப்படி வந்து உட்கார்ந்த ஒரு கதையைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கிளப்பில் எதைப் பேசினாலும் ஆட்டத்தின் கணக்கில்தான் பேசுவோம். ரெட் காயைக் குழியில் தள்ளியவர் அதைத் தொடர்ந்து தன் காய் ஒன்றையும் போட்டு ஃபாலோ காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ரெட் மறுபடி நடுவட்டத்துக்கு வந்துவிடும், அதை எவ்வளவு அழகாகப் போட்டிருந்தாலும் சரி. முதல் சீசன் போட்டது ரெட். நாயகர்களில் ஒருவரான பீட்டர் பெட்ரெல்லிக்குப் பிறருடைய ஆற்றல் அவர்கள் அருகில் இருந்தாலே வந்து சேரும். தொடர் கொலைகாரன் சைலருக்கோ அதே ஆற்றல் வேண்டுமென்றால் ஓர் உயிரை எடுத்து மண்டையைத் திறந்து பார்த்தாக வேண்டும். ஆற்றல் ஒன்று, அதை அடையும் வழி இரண்டு, வழிக்கு ஏற்ற விலையும் வேறு வேறு. யாரால் எது முடியும், முடிந்தால் அவர் எதை இழப்பார் என்பது பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிந்ததால்தான் ஒவ்வொரு ஆபத்தும் மெய்யாக இருந்தது. மாயாஜாலக் கதைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் போகலாம். மரபணு என்றும் பரிணாமம் என்றும் காரணம் சொல்லித் தொடங்கிய கதை, தான் போட்ட விதியைத் தானே மீற முடியாது.

மீறினார்கள். இரண்டாம் சீசனில் சுட்டுக் கொல்லப்பட்ட நோவாவைக் கிளேரின் ரத்தத்தை ஏற்றி எழுப்பிவிட்டார்கள்; அதற்குப் பிறகு அந்தக் கதையில் எந்தச் சாவுக்கு நாம் பதற வேண்டும்? மூன்றாம் சீசனில் ஊசி போட்டுக்கொண்டால் யாருக்கும் ஆற்றல் வரும் என்றார்கள். அப்படியானால் பிறவியிலேயே ஆற்றலைச் சுமந்து தவித்தவர்களின் தவிப்புக்கு என்ன பொருள்? இரண்டாம் சீசன் 11 எபிசோடுகளில் நின்றதற்கு 2007 நவம்பரில் தொடங்கிய எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் காரணம் என்பது உண்மை. ஆனால் அதே நேரத்தில், தொடரை உருவாக்கிய டிம் கிரிங் ஒரு பேட்டியில், கதை மெதுவாக நகர்ந்ததையும், புதிய பாத்திரங்களை மையக் கதையோடு பிணைக்காமல் தனித்தனியாகக் கொண்டுவந்ததையும் தவறு என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். ரசிகர்கள் அதுவரை புலம்பியதாகச் சொல்லப்பட்டதெல்லாம் இதைத்தான். படைத்தவரே ஒப்புக்கொண்ட குறையைச் சொன்னவர்களை ஏக்கக்காரர்கள் என்று தள்ளிவிட நீங்கள் எந்த நியாயத்தைக் கொண்டு முனைகிறீர்கள் என்பதே என் கேள்வி.

இப்போது புதிய தொடருக்கு வருவோம். அதையும் அதே கிரிங்தான் உருவாக்கினார். 2015 செப்டம்பர் 24 அன்று முதல் இரண்டு எபிசோடுகளும் சேர்த்து ஒளிபரப்பானபோது நம் முன் வைக்கப்பட்டவர்களைப் பாருங்கள்: இல்லினாய்ஸில் பள்ளி மாணவன் டாமி, டோக்கியோவில் ஒரு கணினி விளையாட்டுக்குள் புகுந்து தந்தையைத் தேடும் மீக்கோ, லாஸ் ஏஞ்சலிஸில் முகமூடி அணியும் முன்னாள் சிப்பாய் கார்லோஸ், பனிப் பிரதேசத்தில் தனித்து நிற்கும் மலினா. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் என்ன தொடர்பு என்று தெரிவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. எட்டு ஆண்டுகளுக்கு முன் தவறு என்று சொன்ன அதே தவறு, மொத்தம் 13 எபிசோடுகளே உள்ள ஒரு கதையில், மறுபடியும் நடந்தது. 2006-இல் முதல் எபிசோடை அமெரிக்காவில் சுமார் 1.4 கோடிப் பேர் பார்த்தார்கள். மறுவருகையின் முதல் இரவில் வந்தவர்கள் சுமார் 60 லட்சம் பேர். அத்தனை பேர் நம்பி வந்தார்கள் என்றே நான் அதைப் படிக்கிறேன். 2016 ஜனவரி 21-உடன் கதை நின்றது.

நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. தனக்குச் சூட்டப்பட்ட வீரப் பட்டத்துக்குத் தான் உரியவன் அல்ல என்பதை மனத்துக்குள் சுமந்து திரியும் கார்லோஸ், முதல் சீசனில் வந்திருந்தாலும் தலைநிமிர்ந்து நின்றிருப்பார். கிளேரின் இரட்டைக் குழந்தைகளை, காலத்தில் பயணிக்கும் ஆற்றல் கொண்ட ஹிரோ என்ற ஜப்பானியர் 1999-ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோய் வளரவிடுவதும் மிக அழகான கற்பனை. உங்கள் நண்பர்களுக்குப் பிடித்தவை இவை என்றால் நம் ரசனைகள் அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஆனால் கிளேர்? அந்த நடிகை திரும்பி வராததற்கு யாரையும் குறை சொல்லக் கூடாது. அது நடைமுறை சார்ந்தது. குறை, கதை அதை எதிர்கொண்ட விதத்தில் இருக்கிறது. வெட்டினாலும் எரித்தாலும் சாகாத ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோனாள் என்பதைவிடப் பெரிய வாக்கியம் அந்தக் கதைக்குள் எழுத முடியாது. அதை முதலில் நமக்கு ஒரு செய்தியாகத்தான் சொன்னார்கள். பெற்ற மகளைப் போல அவளைக் காத்த கண்ணாடிக்காரருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நாம் சில நிமிடங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அது. கதை அடுத்த துரத்தலுக்கு ஓடிவிட்டது. 'கிளேர் எங்கே' என்று கேட்டவர்கள் அந்தச் சாவுக்கு உரிய மரியாதை எங்கே என்று கேட்டார்கள்.

பழைய ரசிகர்கள் எதையும் ஏற்கமாட்டார்கள் என்ற உங்கள் எண்ணமும் சரியல்ல. 1992 முதல் 1997 வரை வந்த 'எக்ஸ்-மென்' கார்ட்டூன் தொடரை 2024 மார்ச்சில் 'எக்ஸ்-மென் 97' என்ற பெயரில், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்கள். பழைய ரசிகர்கள் மிகவும் நேசித்த காம்பிட் என்ற நாயகரை ஐந்தாவது எபிசோடிலேயே சாகடித்தார்கள். யாரும் தொடரைத் தூக்கி எறியவில்லை. அழுதார்கள், மறுவாரம் மீண்டும் வந்து உட்கார்ந்தார்கள். காரணம், அந்தச் சாவுக்குக் கதை முழு விலையையும் கொடுத்தது. 1989-இல் நின்றுபோன பிரிட்டிஷ் விஞ்ஞானக் கதைத் தொடர் 'டாக்டர் ஹூ' 2005-இல் முற்றிலும் புதிய முகத்தோடு தொடராகத் திரும்பியபோதும் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். நாயகர் உருமாறுவார் என்பது 1966-இலேயே அந்தக் கதை போட்டுவைத்த விதி. விதியைக் காப்பாற்றினால் முகம் மாறியதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

கடைசியாக, நம் ஊர்ப் பேராசிரியர். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது அந்த வரிதான். மொஹிந்தர் சுரேஷ் சென்னையைச் சேர்ந்த மரபணுவியல் பேராசிரியர் என்று தெரிந்த அன்று எங்கள் கிளப்பில் விசில் பறந்தது. நடித்தவர் பெயர் செந்தில் ராமமூர்த்தி; பாத்திரத்துக்கோ பஞ்சாபிப் பெயர். சென்னைக்காரருக்கு மொஹிந்தர் என்று பெயர் வைத்தவர்கள் நம்மில் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அப்போதே எல்லோரும் சொன்னோம். சொல்லிவிட்டு மன்னித்தோம். ஏனென்றால் அந்தத் தொடரின் குரலே அவருடையது. எபிசோடின் தொடக்கத்திலும் முடிவிலும் மனிதனைப் பற்றியும் பரிணாமத்தைப் பற்றியும் அவர் பேசுவதைத்தான் உலகம் கேட்டது. கொலையான தந்தையின் ஆய்வைத் தேடி நியூயார்க் போய், தந்தை ஓட்டியதைப் போலவே டாக்ஸி ஓட்டி, பின்இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பீட்டர் பெட்ரெல்லி யாரென்று தெரியாமலேயே அவரோடு பேசிக்கொண்டு போகும் அந்த முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். எந்த ஆற்றலும் இல்லாத, அறிவை மட்டுமே நம்பிய மனிதர் அவர்.

அவரை மூன்றாம் சீசனில் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ள வைத்து, முதுகில் செதில் முளைக்க வைத்து, மனிதர்களைச் சுவரோடு ஒட்டி வைக்கும் பூச்சியைப் போல ஆக்கினார்கள். மறுவருகையிலோ, கதையில் 2014 ஜூன் 13 அன்று டெக்ஸாஸ் மாநிலத்து ஒடெஸாவில் நடந்த குண்டுவெடிப்பின் பழியை அவர் தலையில் சுமத்தினார்கள். சென்னையிலிருந்து போன ஒரு விஞ்ஞானியைப் பயங்கரவாதி என்று உலகமே நம்புகிறது என்றால், அந்தப் பழி எப்படி வந்தது, எப்படி நீங்கும் என்பதே ஒரு முழுக் கதை. அவருக்குக் கிடைத்தவை சில காட்சிகள். நம் ஊர்க்காரர் வருகிறார் என்பதற்காகப் பாராட்டச் சொல்கிறீர்கள். நம் ஊர்க்காரர் என்பதனால்தான் என்னால் பாராட்ட முடியவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நண்பர்களை அழைத்து, முதல் சீசனின் அந்த டாக்ஸிக் காட்சியையும், மறுவருகையின் ஜூன் 13 எபிசோடுகளில் மொஹிந்தர் வரும் இடங்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். நீங்கள் என்ன எழுதினாலும் ஒரு வரிகூட வெட்டாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.