ஈரமணலும் ஒப்பந்தக் காகிதமும்

மதிப்பிற்குரிய ஐயா,

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். தொழில் நிறுவனங்களோடு கல்லூரியை இணைக்கும் பொறுப்பு இந்த ஆண்டு என் தலையில் விழுந்திருக்கிறது. பழைய கோப்பைத் திறந்தால் 14 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், பொன்னாடைகள், குழுப் புகைப்படங்கள். அதற்குப் பிறகு ஒரு கடிதப் போக்குவரத்துகூட இல்லை. மாணவர்கள் காசு கொடுத்து இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வாங்கி வருகிறார்கள். தெரிந்தே கையெழுத்துப் போடுகிறேன். அடுத்த மாதம் 15-வது ஒப்பந்தம், 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பம்ப் தொழிற்சாலையோடு. கல்லூரி, மாணவர், நிறுவனம் மூவரும் சேர்ந்து வேலை செய்வது நம் ஊரில் நடக்கிற காரியமா? நீங்கள் பட்டறையிலிருந்து எழுத வந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

அந்த 14 தாள்களிலும் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். முதல்வர் போட்டிருப்பார், நிறுவனத்தின் மேலாளர் போட்டிருப்பார். ஆறு மாதம் அங்கே போய் நிற்கப்போகிற பையனுடைய கையெழுத்து எதிலும் இருக்காது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை விட்டுவிட்டது போலத்தான்.

நான் படித்தது சாண்ட்விச் டிப்ளமோ. மூன்றரை ஆண்டு, நடுவில் ஆறு மாதமும் கடைசியில் ஆறு மாதமும் தொழிற்சாலைப் பயிற்சி. முதல் ஆறு மாதம் போல்ட் எண்ணினேன், டீ வாங்கி வந்தேன். பயிற்சி அறிக்கையை முந்தைய ஆண்டு அண்ணன் ஒருவரின் அறிக்கையைப் பார்த்து எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

இரண்டாவது முறை போனது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய பவுண்டரி, அதாவது வார்ப்படப் பட்டறை. மணல் அச்சில் உருகிய இரும்பை ஊற்றிப் பம்ப் கேசிங் (பம்பின் வெளிக்கூடு) வார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அழுத்தச் சோதனையில் கசிகிற கேசிங்குகளைத் தனியே அடுக்கி, எண்ணிக்கையை நோட்டில் எழுதும் வேலை எனக்கு. உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சைப்பயறு அளவுக்கு வழவழப்பான குழிகள். ஐப்பசி மழை பிடித்ததும் கழிவு, அதாவது கசிந்து தள்ளுபடியாகும் கேசிங்குகள், ஏறியது. வேறு வேலை இல்லாததால் மழை பெய்த நாட்களை நோட்டின் ஓரத்தில் குறித்து வைத்தேன்.

பயிற்சி டைரியில் கையெழுத்துப் போட எங்கள் உலோகவியல் ஆசிரியர் வந்தார். மற்ற ஆசிரியர்கள் அலுவலக அறையில் காபி குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவர் நோட்டைப் புரட்டினார், எழுந்து அச்சுக்கான மணல் குவியலுக்குப் போனார். ஒரு பிடி அள்ளி இறுக்கினார். பிடித்த பிடி அப்படியே நின்றது, உள்ளங்கை நனைந்திருந்தது. "ஈரம் அதிகம். இரும்பு ஊற்றும்போது ஆவி வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது" என்றார். போர்மேன் சிரித்தார். "சார், இதை நான் மூன்று வருடமாகச் சொல்கிறேன். கையால் பிடித்துப் பார்த்தது முதலாளியிடம் செல்லுபடியாகாது. அவருக்கு எண் வேண்டும்."

எண் சொல்லும் கருவி எங்கள் கல்லூரி அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. மணலோடு கால்சியம் கார்பைடு பொடியைப் போட்டு மூடிக் குலுக்க வேண்டும். எழும் வாயுவின் அழுத்தத்தை வைத்து ஈரத்தின் சதவீதத்தை முள் காட்டிவிடும். வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை, சோதிக்க ஈரமணல் வேண்டுமே. மறுவாரம் ஆசிரியர் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார். 3 முதல் 5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டிய ஈரம் 7-ஐத் தாண்டியிருந்தது. மணலுக்கு மேல் தகரக் கூரை போட்டார்கள், தண்ணீர் கலப்பதை அளந்து செய்தார்கள். கழிவு இறங்கியது. இதற்கு ஒப்பந்தமும் கிடையாது, பொன்னாடையும் கிடையாது. நோட்டு என்னுடையது, கருவி கல்லூரியுடையது, கோளாறு பவுண்டரியுடையது. அவ்வளவுதான்.

ஆகவே நம் ஊரில் நடக்கிற காரியம்தான். ஆனால் ஓர் ஆசிரியரின் குணத்தை நம்பி நடந்தது. அதையே ஏற்பாடாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் சுமார் 75 மாணவர்களோடு தொடங்கியதே படிப்பும் வேலையும் மாறி மாறி வரும் முறையில்தான். அங்கே வேலைத் தவணை முடிந்ததும் நிறுவனம் மாணவரை மதிப்பிடுகிறது. மாணவரும் நிறுவனத்தை மதிப்பிடுகிறார். அடுத்து விண்ணப்பிப்பவர் அந்த மதிப்பீட்டைப் பார்க்கலாம். டீ வாங்க அனுப்பிய நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு நல்ல மாணவர் கிடைக்கமாட்டார். எனக்கு முன்னால் போன அண்ணன் இப்படி எழுதி வைக்க ஓர் இடம் இருந்திருந்தால் என் முதல் ஆறு மாதம் தப்பியிருக்கும்.

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 1974-ல் ஸ்டுட்கார்ட்டிலும் மன்ஹைமிலும் தொடங்கிய இரட்டைக் கல்வி இன்னும் கறாரானது. மாணவர் முதலில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும், பிறகுதான் கல்லூரியில் இடம். மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் வேலை. வகுப்பில் இருக்கும்போதும் சம்பளம் உண்டு. பணம் போட்டவர் சும்மா இருப்பாரா? பாடம் என்ன நடக்கிறது என்று வந்து கேட்பார். இதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லமாட்டேன். வாசலில் நிற்கிற காவலாளி வேலையை நிறுவனத்திடம் கொடுத்தால் யார் யார் வெளியே நிறுத்தப்படுவார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

இங்கே சட்டமும் திட்டமும் குறைவில்லை. 1961-ன் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973-லேயே பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் சேர்த்துவிட்டார்கள். 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு, 15 ஆண்டு அனுபவமுள்ள தொழில் வல்லுநரைப் பட்டத் தகுதி பார்க்காமல் பேராசிரியராக அமர்த்தலாம் என்றது. உயர் பதவியில் இருந்தவராக இருந்தால் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டது. எங்கள் போர்மேன் அங்கேயே அடிபட்டுப் போவார்.

15-வது ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எந்த ஆசிரியர் தொழிற்சாலைக்குப் போகிறார் என்று பெயர் போட்டு ஒரு வரி. பையனுக்கு மாதம் எவ்வளவு என்று ஒரு வரி. 500 ரூபாய் என்றாலும் எழுதுங்கள், கொடுக்கிறவர் வேலை வாங்குவார். பயிற்சி முடிந்து அவன் எழுதுவதை அடுத்த ஆண்டு மாணவர்கள் படிக்கலாம் என்று ஒரு வரி. மூன்றாவதற்கு முதல்வர் முகம் சுளிப்பார். முதல் இரண்டையாவது விடாதீர்கள்.

ஆசிரியரைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. கருவியைப் பவுண்டரியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆண்டிறுதி இருப்புச் சரிபார்ப்பில் ஆய்வகப் பொருள் ஒன்று குறைகிறது என்று அவருக்கு மெமோ வந்தது. அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள்.