இட்லி இறங்கவில்லை என்றால் என்ன சாப்பிடுவது?

கேள்வி: பினாங்கு மாநிலத்தில் பிறை என்ற ஊரில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ஐந்தே முக்காலுக்கு கம்பெனி பஸ் வந்துவிடும், ஏழு மணிக்கு ஷிப்ட். சின்ன வயதிலிருந்தே இட்லி, தோசை, இடியாப்பம், உப்புமா எதுவும் எனக்குக் காலையில் இறங்காது. ரொட்டி சானாய், நாசி லெமாக் வாசனையும் அந்த நேரத்தில் ஆகாது. ஒரு கிரீம் பன், ஒரு பாக்கெட் த்ரீ-இன்-ஒன் காப்பி, அவ்வளவுதான். ஒன்பது மணிக்கெல்லாம் தலை கிறுகிறுத்துக் கை நடுங்குகிறது. “வீட்டுல மாவு இருக்கு, கடை ரொட்டியைத் தின்னா உடம்பு எப்படித் தாங்கும்?” என்று மாமியார் தினமும் சொல்கிறார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்து வயிறும் நிறைகிற மாதிரி ஏதாவது பசியாறல் சொல்லுங்கள். முட்டை, மீன் சாப்பிடுவேன். வெள்ளிக்கிழமை சைவம்.

– பெயர் வேண்டாம், பிறை

பதில்: இட்லி இறங்கவில்லை என்பதை விடுங்கள், அது ஒரு குறையே இல்லை. இட்லியை ஒதுக்கிவிட்டு அதன் இடத்தில் நீங்கள் வைத்திருக்கும் பன்னும் பாக்கெட் காப்பியும்தான் உங்களைப் படுத்துகின்றன.

அந்த பன்னில் இருப்பது மைதா, சீனி, கொழுப்பு. பாக்கெட் காப்பியில் காப்பித்தூளைவிடச் சீனியும் கிரீமரும் அதிகம். பாக்கெட்டின் பின்பக்கம் பொருள்களின் பட்டியல் இருக்கும், பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சடிப்பார்கள். ஐந்தரைக்குச் சாப்பிடுவது வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது, வேகமாக இறங்குகிறது. இழுத்துப் பிடித்து நிறுத்தப் புரதமும் இல்லை, நார்ச்சத்தும் இல்லை. ஏழு மணியிலிருந்து நின்றுகொண்டே வேலை செய்கிற உடம்புக்கு ஒன்பது மணிக்குக் கையிருப்பு தீர்ந்துபோவதில் வியப்பில்லை. உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. பருப்பு நிறையப் போட்ட சாம்பாரில் ஊறிய இரண்டு இட்லி, இந்த பன்னைவிட எவ்வளவோ மேல். மீதிப் பாதியை நான் ஏற்க மாட்டேன். பிடிக்காத ஒன்றை விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு மனுசியின் தொண்டையில் திணிக்க முடியாது. மருமகள் இட்லி சாப்பிடுகிறாளா என்பதை வைத்து அவள் குணத்தை எடைபோடுகிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது, அது போக வேண்டும்.

‘காலங்காலமாகச் சாப்பிட்டது’ என்று இட்லி தோசையைச் சொல்கிறோம். ரப்பர் தோட்டத்து வாழ்க்கை தெரிந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் மரம் வெட்டப் போகிறவர்கள் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற வரிசையில், நின்றார்கள். அவர்கள் வயிற்றில் இருந்தது வரக்காப்பியும், கிடைத்தால் கஞ்சியும். கல்லுரலில் மாவரைத்துத் தோசை ஊற்றியது தீபாவளிக்கும் விருந்தாளி வந்த நாளுக்கும்தான். கிரைண்டரும் குளிர்ப்பெட்டியும் வீட்டுக்குள் வந்த பிறகே அது தினசரிச் சாப்பாடு ஆனது. இதைச் சொல்வது இட்லியைக் குறைத்துப் பேச இல்லை. காலையில் இன்னதுதான் சாப்பிட வேண்டும் என்று நம்மவர்கள் ஒருநாளும் கட்டிப்போட்டு வைத்ததில்லை, அதற்காகத்தான்.

அதிலும் நீங்கள் இருப்பது பினாங்கில். உங்களைச் சுற்றிச் சீனர்கள் காலையில் கறி மீயும், குவே தியாவ் சூப்பும், மீன் போட்ட கஞ்சியும் சாப்பிடுகிறார்கள். காலைச் சாப்பாடு, ராத்திரிச் சாப்பாடு என்று அவர்கள் கோடு கிழிப்பதில்லை. நீங்களும் கிழிக்க வேண்டாம். மதியமோ ராத்திரியோ எதை விரும்பிச் சாப்பிடுகிறீர்களோ, அதைக் காலைக்குக் கொண்டுவாருங்கள். என் பதிலின் முக்கால்வாசி இதுதான்.

ராத்திரி மீன் குழம்பு வைத்தீர்களா? ஒரு துண்டு மீன், ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் கீரை. எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் ஆவி பறக்கச் சூடாக்கினால் வேலை முடிந்தது. சோற்று விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ராத்திரி முழுக்க அடுப்படியிலேயே விட்ட சோற்றில், நம் ஊர் வெக்கைக்கு ஒரு வகைக் கிருமி பெருகி நஞ்சைச் சேர்த்துவிடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வடித்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டிக்குப் போன சோற்றைத்தான் மறுநாள் தொட வேண்டும்.

அப்புறம் முட்டை. காப்பிக்கடையில் அரைவேக்காட்டு முட்டை கொடுப்பார்களே, அதை வீட்டில் செய்ய அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கவே வேண்டாம். குளிர்ப்பெட்டியிலிருந்து இரண்டு முட்டையை எழுந்தவுடன் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு மூடி போட்ட பாத்திரத்தில் அவற்றை வைத்து, முட்டை மூழ்கக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடிவிட்டு, முகம் கழுவித் தலை சீவிவிட்டு வாருங்கள். ஆறேழு நிமிடத்தில் வெள்ளை லேசாகக் கட்டி, மஞ்சள் ஓடுகிற பதத்தில் இருக்கும். சாசரில் உடைத்து ஊற்றி, நாலு சொட்டு கறுப்பு கிச்சாப் (சோயா சாஸ்), ஒரு சிட்டிகை வெள்ளை மிளகுத்தூள். முழு கோதுமை ரொட்டியைச் சுட்டுத் தொட்டுச் சாப்பிடுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். இரண்டு முட்டையும் இரண்டு ரொட்டித் துண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 20 கிராம் வந்துவிடும். கிரீம் பன்னால் கிட்டேகூட வர முடியாது. கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு அரைவேக்காடு வேண்டாம், முழுதாக வேகவைத்ததுதான் சரி. வேகவைத்த முட்டையை ஞாயிற்றுக்கிழமையே ஓட்டோடு குளிர்ப்பெட்டியில் வைத்தால் அந்த வாரத்துக்கு ஆச்சு.

வீட்டில் ஒரு டின் சார்டின் எப்போதும் இருக்கட்டும். மீனை எடுத்து முள்ளோடு முள்கரண்டியால் மசித்து, பொடியாக அரிந்த வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், லீமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சை ஒன்றைப் பிழிந்து கலந்தால் ரொட்டிக்கு நடுவே வைக்க அருமையாக இருக்கும். அந்த முள் மெத்தென்று இருக்கும், எடுத்துப் போட வேண்டாம், சுண்ணாம்புச் சத்தே அதில்தான் இருக்கிறது. மிச்சத்தை டின்னிலேயே விடாமல் கண்ணாடி டப்பாவுக்கு மாற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு மாமியாரைக் கூப்பிடுங்கள். இதை மனதாரச் சொல்கிறேன். மருமகள் சாப்பிடாமல் போகிறாளே என்ற கவலையில்தான் அவர் தினமும் பேசுகிறார். அந்தக் கவலைக்கு ஒரு வேலை கொடுங்கள். வியாழக்கிழமை காலையில் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, சாயங்காலம் வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவி ஒரு சுண்டல் செய்து தரச் சொல்லுங்கள். இட்லி மாவு ஆட்டுகிறவருக்கு இது கைவந்த வேலை. வெந்த கொண்டைக்கடலை ஒரு கோப்பையில் 14 கிராமுக்குக் குறையாத புரதமும் நல்ல நார்ச்சத்தும் உண்டு. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பஸ்ஸில் கரண்டியால் சாப்பிடலாம். பக்கத்து இருக்கைக்காரருக்கு வாசனைத் தொல்லையும் இல்லை. சுண்டல் அலுத்துப்போன வாரம், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற ‘தெம்பே’ இருக்கிறது. ராத்திரியே மெல்லிசாக நறுக்கி மஞ்சள், உப்பு தடவிப் பொரித்து வைத்துக்கொண்டு, காலையில் வெள்ளரிக்காயோடு ரொட்டிக்குள் வைத்தால் போதும்.

ஓட்ஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாராவது சொல்லத்தான் போகிறார்கள், அதனால் நானே சொல்கிறேன். பால், ஓட்ஸ், நிலக்கடலை, ஒரு வாழைப்பழம், எல்லாவற்றையும் ராத்திரியே ஊறவைத்தால் நல்ல சாப்பாடுதான். ஆனால் சீனி கலந்து வருகிற பாக்கெட் ஓட்ஸ் பானம், உங்கள் காப்பிப் பாக்கெட்டின் உடன்பிறப்பு. அது வேண்டாம்.

காப்பியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். தூள் காப்பியைப் பால் ஊற்றிச் சீனி குறைத்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒன்பது மணி இடைவேளைக்குத் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது. காப்பியும் தேநீரும் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். கீரையும் கடலையும் சாப்பிட்டுவிட்டு அதன் தலையில் தேநீரை ஊற்றுகிற பெண்களை நம் வீடுகளில் நிறையப் பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஐந்தரை மணிக்கு எதையுமே பார்க்கப் பிடிக்கவில்லையா? சரி, பாதியை மட்டும் சாப்பிடுங்கள். ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம் போதும். மீதியை இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீன், முட்டை, சோறு எதுவாக இருந்தாலும் பையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சும்மா கிடக்கக் கூடாது. ஓய்வறையில் குளிர்ப்பெட்டி இருந்தால் அதில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஐஸ் பொட்டலத்தோடு கட்டிக்கொண்டு போங்கள்.

நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆய்வுகளில் இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது அதிகம். இனிப்புக் காப்பியும் இனிப்பு ரொட்டியும் நம் சமூகத்தில் பசியாறல் என்ற பெயரில் தினமும் உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. உங்களைப் போலக் காலை ஷிப்டுக்கு ஓடுகிற பெண்களின் உடம்பைப் பற்றி வீட்டில் யாரும் கணக்கெடுப்பதில்லை, நீங்களே எடுத்தால்தான் உண்டு.

அதனால் கடைசியாக ஒன்று. சாப்பாட்டை மாற்றி இரண்டு மூன்று வாரம் ஆன பிறகும் அந்தக் கிறுகிறுப்பும் நடுக்கமும் போகவில்லை என்றால், அதற்கு மேல் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். இடையில் மயங்கி விழுந்தாலோ, ஏற்கெனவே நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தாலோ, அந்த மூன்று வாரமும் காத்திருக்கக் கூடாது. பிறையிலோ பட்டர்வொர்த்திலோ பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் ரத்தத்தில் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான் (ரிங்கிட்). வெறும் வயிற்றில் வரச் சொன்னால், ரத்தம் கொடுத்த கையோடு சாப்பிட ஒரு டப்பா கட்டிக்கொண்டு போங்கள்.