திருவருகைக் காலம் இரண்டாம் வாரத்தில் ஏன் நின்றுபோகிறது?

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய ஆயத்த வாரங்களான திருவருகைக் காலம் பற்றி நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஆண்டுதோறும் திருவருகைக் காலத் தியானப் புத்தகம் ஒன்று வாங்குகிறோம். முதல் வாரம் கோட்டாறு சவேரியார் திருவிழாவோடு போய்விடும். பிறகு அரையாண்டுத் தேர்வு, கேரல் ரவுண்ட்ஸ், பலகாரம், துணியெடுப்பு. இரண்டாம் வாரத்திலேயே புத்தகம் அலமாரிக்குப் போய்விடுகிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகளுக்குப் பத்து வயது, ஆறு வயது. விவிலியத்தையும் செபத்தையும் வைத்துக்கொண்டு கிறிஸ்து பிறப்புக்கு உண்மையாகவே ஆயத்தமாவது எப்படி?"

சகோதரி, உங்கள் பக்தியில் குறை எதுவும் இல்லை. நீங்கள் பயன்படுத்தும் திட்டம்தான் டிசம்பர் மாதத்துக்குப் பொருந்தவில்லை. நாளுக்கு ஒரு பக்கம் என்று அச்சிட்ட புத்தகத்தில் இரண்டு நாள் விட்டால் மூன்றாம் நாள் மூன்று பக்கம் சேர்ந்துவிடும். அந்தக் கடனைப் பார்த்தே மனம் விலகுகிறது. இன்னொன்று, திருவருகைக் காலத்தின் நீளமே ஆண்டுக்கு ஆண்டு மாறும். அது புனித அந்திரேயா விழாவான நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. 2022-இல் நவம்பர் 27-இல் தொடங்கியதால் 28 நாள் கிடைத்தது. 2023-இல் டிசம்பர் 3-இல் தொடங்கியதால் 22 நாள்தான். நாள் எண் போட்டு எழுதிய புத்தகத்தை விடத் தேதி போட்டுப் படிக்கும் வாசகங்களே கைகொடுக்கும்.

இந்தக் காலம் ஒரே சீரானதும் அல்ல. டிசம்பர் 16 வரை திருச்சபை ஆண்டவரின் இரண்டாம் வருகையையே முதன்மையாகக் கண்முன் வைக்கிறது. அதனால்தான் முதல் ஞாயிறன்று குழந்தை இயேசுவைப் பற்றிக் கேட்க வருகிறவர்களுக்கு "விழிப்பாயிருங்கள்" என்ற நற்செய்தி வாசிக்கப்படுகிறது. அடுத்த இரண்டு ஞாயிறுகளிலும் திருமுழுக்கு யோவான்தான் நிற்கிறார். 17 முதல் 24 வரையிலான எட்டு நாள் தனி. ஞாயிறாக வரும் நாள் தவிர, ஒவ்வொரு தேதிக்கும் மாறாத நற்செய்தி உண்டு, எல்லாம் பெத்லகேமை நோக்கியே நகரும். உங்கள் வீட்டின் பலம் முழுவதையும் இந்த எட்டு நாளுக்குச் சேமித்து வையுங்கள். அதற்கு முந்தைய நாள்களுக்குக் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குறைவாக? வாரத்துக்கு ஒரே ஒரு பகுதி. முதல் வாரம் எசாயா 2:1-5, வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் பகுதி. இரண்டாம் வாரம் எசாயா 11:1-10, வெட்டுண்ட அடிமரத்திலிருந்து தளிர் வருவதும் ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்குவதும். மூன்றாம் வாரம் 16-ஆம் தேதி வரை எசாயா 35:1-10, பாலை நிலம் பூப்பதும் ஊமையின் நா பாடுவதும். வாரம் முழுக்க அதே பகுதிதான். திங்கள் தவறினால் செவ்வாய் அதே வசனங்கள் காத்திருக்கும், கடன் சேராது. நான்காம் முறை கேட்கும்போது ஆறு வயதுப் பிள்ளையே ஓநாய்க்கு அடுத்து யார் வருவார் என்று சொல்லிவிடும். கோட்டாறு திருவிழா நாள்களில் இது போதும். டிசம்பர் 3 வரை வேறு எதையும் தொடங்க வேண்டாம்.

இனி, அந்தப் பகுதிக்காக நாளுக்கு ஒதுக்க வேண்டிய பத்து நிமிடம். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கர்த்தூசியத் துறவி திருநூல் வாசிப்பை நான்கு படிகளாக எழுதி வைத்தார்: வாசித்தல், அசைபோடுதல், செபித்தல், இறைவன் முன் அமைதியில் தங்குதல். வீட்டுக்கு அதை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். மெழுகுதிரி ஏற்றி ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். பகுதியை ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும், சற்று விட்டு இன்னொருவர் அதையே மறுபடி வாசிக்கட்டும், இதற்கு நான்கு நிமிடம். பிறகு ஒவ்வொருவரும் மனத்தில் ஒட்டிய ஒரு சொல்லை மட்டும் சொல்லட்டும், விளக்கம் வேண்டாம். அந்தச் சொல்லை வைத்தே ஆளுக்கு ஒரு வரி செபம். "தளிர்" என்று சொன்ன பிள்ளை "இயேசுவே, தாத்தாவுக்கு உடம்பு தளிரட்டும்" என்று வேண்டினால் அதுவே நிறைவான செபம். கடைசி ஒரு நிமிடம் மௌனம். முடிவில் விவிலியத்தின் கடைசிப் பக்கத்து வேண்டுதல்: "ஆண்டவராகிய இயேசுவே, வாரும்." தொடக்கக் கிறிஸ்தவர்கள் தங்கள் அரமேய மொழியில் "மாரனாத்தா" என்று சொன்னதும் இதைத்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்காருங்கள். சாப்பிட்டபின் என்றால் சின்னது தூங்கிவிடும், பெரியது வீட்டுப்பாடத்துக்குப் போய்விடும். வழக்கமாகச் செபமாலை சொல்லும் வீடு என்றால் அதன் வாலில் இதைக் கட்டாதீர்கள். ஐம்பத்து மூன்று அருள்நிறை மரியே முடிந்தபின் யாருக்கும் காது திறந்திருக்காது. வாசகம் முதலில் வரட்டும், செபமாலை பின்னால் வரட்டும். முடியாத நாளில் ஒரு பத்து மணி போதும். கைப்பேசி விவிலியம் பயணத்துக்கு நல்லது, குடும்பச் செபத்துக்கு வேண்டாம். எசாயாவின் நடுவில் வாட்ஸ்அப் வந்து விழும். அச்சிட்ட திருவிவிலியத்தை நாடா வைத்து முன்னதாகவே திறந்து வையுங்கள்.

இதில் பெரியவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. "என்ன புரிஞ்சுது, சொல்லு பாப்போம்" என்று மறைக்கல்வி வகுப்பாக்குவது ஒன்று. மற்றது இன்னும் கெட்டது: வசனத்தை எடுத்து வீட்டில் ஒருவர் மேல் எறிவது. "கேட்டீங்களா, உங்களுக்குத்தான் சொல்றார்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மறுநாள் அவர் குளியலறையிலிருந்து வரத் தாமதமாகும். வசனம் முதலில் வாசிப்பவரைத் தொடட்டும்.

வாரத்துக்கு ஒன்று கூடுதலாக ஏற்றும் நான்கு மெழுகுதிரிகள் கொண்ட திருவருகைக் கால வளையம் வைப்பதாக இருந்தால் மெழுகுதிரியைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். முதல் வார மெழுகுதிரிதான் எல்லா நாளும் எரியும். நாளுக்குப் பத்து நிமிடம், 28 நாள் என்றால் 280 நிமிடம், ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒல்லி மெழுகுதிரி பாதியிலேயே தீர்ந்துவிடும். செபம் முடிந்ததும் அணைத்துவிட வேண்டும், அலங்காரத்துக்காக எரிய விடக்கூடாது. ஊதா மூன்று, ரோஜா நிறம் ஒன்று. ரோஜா நிறத்தை மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிறன்று ஏற்ற வேண்டும். ரோஜா நிறம் கிடைக்காவிட்டால் நான்கும் வெள்ளையாகவே இருக்கட்டும், அதற்காக அலைய வேண்டாம்.

மனச்சோதனைக்கு லூக்கா 3:10-14-ஐ விட நல்ல பகுதி இந்தக் காலத்தில் இல்லை. "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று மக்கள் கேட்க, யோவான் வானத்தைக் காட்டவில்லை, அவரவர் கையைக் காட்டுகிறார். இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு. வரி தண்டுபவரே, விதித்ததற்கு மேல் வாங்காதீர். படைவீரரே, மிரட்டிப் பணம் பறிக்காதீர், சம்பளம் போதும் என்றிரும். இந்த மூன்று பதிலையும் உங்கள் வேலை, பணம், துணி அலமாரி ஆகியவற்றின் மேல் வைத்துப் பாருங்கள். வேலைக்கு வரும் அம்மாவுக்குப் பேசிய கூலி முழுதாகப் போனதா? கடை பில்லில் நமக்குச் சாதகமாக விட்ட பிழையைச் சொன்னோமா? நான்கு பேருக்குத் துணியெடுக்கும்போதே ஐந்தாவது ஒன்றை வேறொரு பிள்ளைக்கு எடுங்கள். தைக்கக் கொடுப்பதாக இருந்தால் மாதத் தொடக்கத்திலேயே கொடுங்கள், பின்னால் தையற்கடைகளில் புது உருப்படி வாங்கமாட்டார்கள். அந்தச் சோதனையோடு ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, மூன்றாம் வாரத்துக்குள் போய்விடுவது நல்லது. 23, 24-இல் வரிசை நீளமாக இருக்கும். அருட்தந்தைக்கும் உங்களுக்கும் நிதானமாகப் பேச நேரம் இருக்காது.

இப்போது அந்த எட்டு நாள். 17-ஆம் தேதி மத்தேயு 1:1-17, இயேசுவின் மூதாதையர் பட்டியல். பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். மத்தேயுவே அதைப் பதினான்கு பதினான்காக மூன்றாகப் பிரித்திருக்கிறார். ஆபிரகாமிலிருந்து தாவீது வரை அப்பா, பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டது வரை அம்மா, அங்கிருந்து கிறிஸ்து வரை பத்து வயதுப் பிள்ளை. மரியாவுக்கு முன்னால் அதில் வரும் பெண்கள் நால்வர்: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. கதையில் சிக்கல் உள்ளவர்களையும் பிற இனத்தாரையும் மறைக்காத பட்டியல் இது. வாசித்தபின் உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிகளின், தெரிந்தால் அவர்களுடைய பெற்றோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இறந்தவர்களுக்காக ஒரு செபம் செய்யுங்கள்.

18-இல் மத்தேயு 1:18-24, யோசேப்பு. நற்செய்திகள் நான்கிலும் அவர் பேசிய ஒரு சொல்கூட எழுதப்படவில்லை, எழுந்தார், செய்தார் என்றே இருக்கிறது. அன்று ஆளுக்கு ஒரு வேலையை யாரும் சொல்லாமலே செய்யலாம்.

19 முதல் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம், 24 வரை தொடர்ந்து. 19-இல் 5-25, 20-இல் 26-38, 21-இல் 39-45, 22-இல் 46-56, 23-இல் 57-66, 24-இல் 67-79. இந்த நாள்களைப் பிள்ளைகளுக்குக் கோத்துக் காட்டும் இழை, திருமுழுக்கு யோவானின் தந்தை சக்கரியாவின் மௌனம். 19-ஆம் தேதி அவர் நம்ப மறுத்துப் பேச்சிழக்கிறார். 20-இல் வானதூதர், 21-இல் மரியாவின் பயணம், 22-இல் மரியாவின் பாடல், அத்தனை நாளும் அந்தக் கிழவர் வீட்டுக்குள் பேசாமலே இருக்கிறார். 23-இல் எழுதுபலகை கேட்டு "இக்குழந்தையின் பெயர் யோவான்" என்று எழுதியதும் நா அவிழ்கிறது. சின்னப் பிள்ளையிடம் ஒரு சிலேட்டும் குச்சியும் கொடுத்து அந்த இடத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் எசாயா 35-இல் ஊமையின் நா பாடும் என்று கேட்டது பெரியதுக்கு அங்கே நினைவு வரும். 24-இல் சக்கரியா பாடுவதைக் கேட்கிறோம். 19-ஆம் தேதியிலிருந்து அவரோடு சேர்ந்து நாமும் இரவு எட்டுமணிக்கு மேல் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் பேசாமல் வைக்கலாம். 23 இரவு வரை ஐந்தே இரவுகள்தான்.

20, 21-இல் செபமாலையின் மகிழ்ச்சி மறைபொருள்களில் முதல் இரண்டும் அன்றைய வாசகத்தோடு அப்படியே பொருந்தும். நாளுக்கு ஒன்று சொல்லுங்கள். 21-இல் மரியா விரைந்து போனதுபோல, வயதான உறவினர் ஒருவரை நேரில் பாருங்கள். கேரல் குழு வரும் இரவில் பத்து நிமிடம் கிடைக்காது, அன்று காலையில் வாசித்துவிடுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாக வாசிக்க வேண்டாம், விட்டதைப் பிள்ளைகளுக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அன்றைய தேதிக்கு வாருங்கள்.

"நாளுக்கு ஓர் அதிகாரம், 24 நாளில் லூக்கா முழுவதும்" என்ற திட்டம் பரவலாக இருக்கிறது. தனியாக வாசிக்கும் பெரியவருக்கு அது நல்லது. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒத்துவராது: முதல் நாளே 80 வசனம், 22, 23 தேதிகளில் பலகாரச் சட்டிக்கு நடுவே சிலுவைப்பாடுகளில் இருப்பீர்கள். சி.எஸ்.ஐ. முதலிய சபையார் தங்கள் பரிசுத்த வேதாகமத்தில் மேலே சொன்ன அதே அதிகாரம், வசனங்களை எடுத்துக்கொள்ளலாம்.

முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு வேலையை 19-க்குள் முடித்துவிடுங்கள், இரண்டும் தாங்கும். 24-ஆம் தேதி வாசகத்தைக் காலையிலேயே வாசியுங்கள். அது காலைத் திருப்பலியின் நற்செய்தி, விண்ணிலிருந்து வரும் விடியலைப் பாடுவது, மாலையில் உங்களுக்கு நேரமும் இராது. அன்று பிற்பகல் பிள்ளைகளை ஒரு மணி நேரமாவது தூங்க வையுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவுத் திருப்பலியில் லூக்கா 2:1-14 வாசிக்கும்போது மடியில் உறங்கிக்கொண்டிருப்பார்கள். திருவருகைக் கால ஞாயிறுகளில் பாடாமல் நிறுத்திவைத்த "உன்னதங்களிலே" அன்று மணியோசையோடு திரும்பி வரும். இத்தனை வாரமும் அது ஏன் இல்லை என்று பெரிய பிள்ளைக்கு முன்பே சொல்லி வைத்தால் அந்த நொடிக்காகக் காத்திருக்கும்.

குடிலை 17-இல் வெறும் வைக்கோலோடு தொடங்குங்கள். மாட்டையும் கழுதையையும் முதலில் வைக்கலாம். லூக்காவில் அவை இல்லை, தங்கள் தலைவனை அறிந்த விலங்குகளாக எசாயா 1:3-இலிருந்து வந்தவை. மரியாவும் யோசேப்பும் 24 மாலையில். குழந்தையின் இடம் காலியாகவே இருக்கட்டும். திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் விளக்கை அணைத்து, வளையத்தின் நான்கு மெழுகுதிரிகளையும் ஏற்றி, லூக்கா 2:7-ஐ மட்டும் ஒருவர் வாசிக்க, வீட்டில் ஆகச் சின்னவர் பாலனை வைக்கட்டும். ஞானிகள் மூவரையும் அறையின் மறுமூலையில் ஒட்டகங்களோடு நிறுத்தி, அவர்கள் பாலனைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா வரை நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி வாருங்கள்.